கையைக் கட்டிய தூதர்

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டைச் சூரவழுதி என்றொரு அரசர் ஆண்டுவந்தார். அந்த நாடு எங்கே இருந்தது என்று கேட்டு என்னை நிறுத்தாதீர்கள். கதை அரசரின் தோலைப் பற்றியது.

அவருக்குக் கரப்பான் நோய். விரலிடுக்கில் தொடங்கி, உள்ளங்கை, முழங்கை, முதுகு என்று ஏறிவிட்டது. சொறிந்தால் நீர் கசியும். காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் மறுபடி அரிக்கும். சோற்றைப் பிசைய முடியவில்லை. வாளைப் பிடிக்க முடியவில்லை.

இந்த நோயால் நன்றாகப் பிழைத்தவர் ஒருவர் உண்டு. சபையில் இருந்த விடங்கர். தந்தத்தில் ஒரு சொறிகோல் வைத்திருந்தார். அரசர் முதுகை நெளித்தால் போதும், ஓடுவார்.

"இன்னும் கொஞ்சம் கீழே, விடங்கரே... ஆ! அங்கேதான்!"

அந்தச் சுகத்தில் அரசர் கண்ணை மூடும்போது விடங்கர் கேட்டதெல்லாம் கிடைத்தது. தனக்கு ஊர்கள். மைத்துனனுக்குச் சுங்கச்சாவடி. மகனுக்குக் குதிரைப்படை. அவனுக்குக் குதிரை ஏறவே தெரியாது.

அமைச்சர் நல்லாண்டார் பொறுத்துப் பார்த்தார். பிறகு மருதப்பப் பண்டிதர் என்ற தாடிக்கார வைத்தியரை அழைத்துவந்தார். அரசர் குப்புறப் படுத்திருந்தார். பண்டிதர் அருகே உட்கார்ந்து முதுகைப் பார்த்தார், கையைப் பார்த்தார். மனிதருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"புங்க எண்ணெயும் கந்தகமும் போதும். ஆனால் சொறியக் கூடாது. கையைக் கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் எந்த மருந்தும் நிற்காது."

விடங்கரின் கோல் நின்றது. "கேட்டீர்களா அரசே? உங்கள் கையைக் கட்டுவாராம்! எதிரிகூடச் சொல்லத் துணியாத பேச்சு!"

அரசர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சிறையில் போடு. நாளைக்குத் தலையை வாங்கு."

"அமாவாசைவரை பொறுங்கள், அரசே" என்றார் நல்லாண்டார். "அதற்குள் உங்கள் அரிப்பு தீரும்."

"தீராவிட்டால்?" என்றார் விடங்கர்.

"இரண்டு தலையாக எடுத்துக்கொள்ளுங்கள்."

"சரி" என்றார் அரசர். அவ்வளவுதான். ஒரு சொல்.

மறுநாள் காலையில் அமைச்சர் மூச்சிரைக்க வந்தார். "அரசே, மேற்குமலை நாட்டிலிருந்து தூதர் வந்திருக்கிறார்."

"என்ன வேண்டுமாம்?"

"ஒன்றும் வேண்டாமாம். உங்களைப் பார்க்க வேண்டுமாம். 'சூரவழுதி நாள் முழுக்கச் சொறிந்துகொண்டு கிடக்கிறான், வாளைத் தொட அவன் கைக்கு ஓய்வில்லை' என்று அங்கே பேசிச் சிரிக்கிறார்களாம். அமாவாசைவரை இவர் எதிரே உட்காருவார். நீங்கள் ஒருமுறை சொறிந்தாலும் அவர்கள் படை கணவாயைத் தாண்டும்."

அரசரின் முகம் சிவந்தது. "வரச் சொல். பார்க்கட்டும்."

புண் வெளியே தெரியக் கூடாது என்று அமைச்சரே அரசரின் கைகளிலும் முதுகிலும் புங்க எண்ணெயும் கந்தகமும் பூசித் துணியைச் சுற்றினார். மேலே பட்டு அங்கி. தூதர் வந்தார். மழித்த முகம், பெரிய முண்டாசு. வாய் திறக்கவில்லை. எதிரே உட்கார்ந்து அரசரின் கைகளையே பார்த்தார்.

அரிப்பு தொடங்கியது. அரசரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. சுண்டுவிரல் அசைந்தது. தூதர் முன்னால் குனிந்தார். விரல் நின்றது.

விடங்கர் கோலோடு எழுந்தார். அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உட்காரும் ஓய்!" என்றார்.

பொழுது சாய்ந்ததும் அரசர் அமைச்சரிடம் கேட்டார்: "தூக்கத்தில் சொறிந்துவிட்டால்?"

"வேலையாட்களில் எவன் அவர்களுக்கு உளவு சொல்கிறான் என்று தெரியவில்லை, அரசே."

அரசர் யோசித்தார். "என் கைகளைக் கட்டிலோடு கட்டும்."

"உங்கள் கையையா, அரசே?"

"கட்டும் என்றால் கட்டும்!"

நல்லாண்டார் கட்டினார். சிரிக்காமல் கட்டினார். அதுதான் அவருடைய திறமை.

இப்படியே நாட்கள் போயின. துணியை யாரும் அவிழ்க்கவில்லை. மேலேயே எண்ணெயை ஊற்றி ஊறவிட்டார்கள். விடங்கரை யாரும் கூப்பிடவில்லை. அவருக்குத் தூதர்மேல் சந்தேகம். அந்த உட்காரும் தோரணையை எங்கேயோ பார்த்திருந்தார். அமாவாசையன்று காலையில் நேரே சிறைக்குப் போனார். பண்டிதரின் அறையில் கம்பளியைத் தூக்கினார். உள்ளே தவிட்டு மூட்டை.

சபைக்குள் கத்திக்கொண்டே வந்தார். "மோசம், அரசே! மோசம்! இவன் தூதனே இல்லை!" முண்டாசைப் பிடுங்கி எறிந்தார். மொட்டைத் தலை. "தாடியை எடுத்தால் எனக்குத் தெரியாதா? சிறையில் கிடக்க வேண்டிய பண்டிதன்! படையும் இல்லை, கணவாயும் இல்லை. இந்த அமைச்சர் உங்களைக் கட்டிப்போட்டு வேடிக்கை பார்த்தார்!"

அரசர் எழுந்தார். வாளை உருவினார். சுற்றிய துணியில் பிடி வழுக்கியது. துணியைப் பல்லால் கடித்துக் கிழித்து வீசினார். வெறுங்கையால் வாளை இறுகப் பிடித்து ஓங்கினார். நல்லாண்டார் நகரவில்லை. பண்டிதர் கண்ணை மூடினார்.

வாள் இறங்கவில்லை.

அரசர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் வெடிப்பு இல்லை. விரலிடுக்கில் நீர் இல்லை. இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல். விரலை மடக்கினார், நீட்டினார்.

"வலிக்கவில்லை" என்றார். குழந்தை சொல்வதுபோல் இருந்தது.

"கையைக் கட்டச் சொன்னவர் இவர்" என்றார் நல்லாண்டார். "இவர் சொன்னபோது தலையை வாங்கச் சொன்னீர்கள். எதிரி சிரிப்பான் என்றதும் நீங்களே கட்டச் சொன்னீர்கள். மருந்து ஒன்றுதான், அரசே. கேட்டது உங்கள் காது அல்ல, கர்வம்."

அரசர் வாளை உறையில் போட்டார்.

"பண்டிதரே, என் எதிரே எப்படி உட்கார்ந்திருந்தீர்?"

"உங்கள் விரல் அசைந்தபோதெல்லாம் என் கழுத்து கூசியது, அரசே."

அரசர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாட்டில் யாரும் அதற்குமுன் அதைப் பார்த்ததில்லை.

பிறகு விடங்கரைப் பார்த்தார். "கோலைக் கொடும்." முழங்காலில் வைத்து ஒடித்தார். "என் கண் மூடியிருந்தபோது வாங்கியதையெல்லாம், கண் திறந்திருக்கும்போது திருப்பிக் கொடும்."

பண்டிதருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஊருக்குப் போக வண்டி வேண்டும் என்றார். வண்டி வந்தது. அன்று மாலையே புறப்பட்டார், கழுத்தின்மேல் தலையோடு.

கதை இவ்வளவுதான். எழுந்து போய் வேலையைப் பாருங்கள்.