கீழ்த்தளத்தில் ஒருத்தி

பயணிகள் கப்பல்களுக்கான புதிய பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்த வாரம், தவசிமுத்து துறைமுகச் சோதனைப் பிரிவில் சேர்ந்தார். அதுவரை கோப்புகளோடு காலம் தள்ளியவர். அவருக்கு வேலை கற்றுத்தர வந்த தலைமைச் சோதகர் உபகாரமேரி அவரைவிட ஆறு வயது இளையவர்.

“வயசைப் பார்க்காதீங்க மேடம். நான் உங்க மாணவன்” என்றார் தவசிமுத்து.

முதல் சோதனை, தீவுக்குப் போகும் ஒரே கப்பலான நீலவேணி. முதலாளி பீர்க்கண்ணு எதையும் மறைக்கவில்லை. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை. மேல்தளத்தில் அதை நிறுத்த இடமும் இல்லை. சட்டம் இரண்டையும் கேட்டது.

“அரசாங்க உதவிக்கு எழுதிப் போட்டேம்மா. இந்த வருஷத்து நிதி தீர்ந்துபோச்சாம். நான் எங்க போவேன்?”

தவசிமுத்துவுக்கு மனசு இளகிவிட்டது. உபகாரமேரியைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய்க் கேட்டார்.

“கப்பலை நிறுத்தினா தீவு ஜனங்களுக்கு வழியில்லை. மனுஷனும் நல்லவர். பணம் வர்ற வரைக்கும் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு விட்டா என்ன மேடம்?”

உபகாரமேரி விசிலை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

“பயணிங்க எல்லாரும் ஏறியாச்சு. புறப்படுறதுக்கு முன்னால ஒரு பயிற்சி வைங்க. எல்லாரும் மிதவைச் சட்டை மாட்டிக்கிட்டு மேல வரணும்.”

தவசிமுத்து அறிவித்துவிட்டு விசில் ஊதினார். ஜனங்கள் மிதவைச் சட்டையோடு படியேறி ஓடிவந்தார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே நிமிஷம்! அவருக்கே பெருமையாக இருந்தது.

“எல்லாரும் வந்தாச்சா சார்?”

“வந்தாச்சு மேடம்.”

“கீழ போய்ப் பார்த்துட்டு வாங்க.”

கீழ்த்தளம் காலியாகக் கிடந்தது. ஓரத்து இருக்கையில் மட்டும் ஒரு பெண். மிதவைச் சட்டையை ஒழுங்காக மாட்டி, வார்களை இறுக்கிக் கட்டி, மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். தையல்காரி செல்லக்கிளி. கால்கள் நடக்காது. வாராவாரம் தீவிலிருந்து இக்கரை ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவள். கப்பல் ஆட்கள் இரண்டு பேர்தான் அவளைத் தூக்கிவந்து அங்கே உட்கார வைப்பார்கள்.

“நீங்க கூப்பிடலையாம்மா?”

“கூப்பிட்டேன் சார். ஓடுற சத்தத்துல கேட்கலை போல.” அவள் குரலில் கோபமே இல்லை. “தூக்குற தம்பிங்க தங்கமானவங்க. விசில் கேட்டா அவங்களும் ஓடத்தானே செய்வாங்க?”

தவசிமுத்துவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மேலே வந்தவர் கையெழுத்தைப் பற்றி மறுபடி வாயைத் திறக்கவில்லை.

உபகாரமேரி அங்கேயே உத்தரவு எழுதினார். கீழ்த்தளத்துக்குப் பூட்டு. மேல்தளத்தில் அறுபது பேர் மட்டும். செல்லக்கிளிக்கு முதல் இடம். ஒரு நடை போன கப்பல் இனி இரண்டு நடை போகும்.

அடுத்து மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நடுக்கடலில் கப்பல்களைச் சோதிக்கப் போகும் பிரிவின் பழைய படகு உடைந்து கிடந்தது. புதுப் படகு வாங்க ஒதுக்கியிருந்த தொகையைக் கப்பல்களின் சாய்தளங்களுக்குத் தந்துவிடும்படி கேட்டிருந்தார்.

கடிதம் நாலு முறை திரும்பி வந்தது. ஐந்தாம் முறை செல்லக்கிளியை அழைத்துக்கொண்டு அவரே நேரில் போனார். அதிகாரியின் அறை இரண்டாம் மாடியில். லிஃப்ட் இல்லை. இருவரும் வாசலில் காத்திருந்தார்கள். மத்தியானம் அதிகாரியே இறங்கி வந்தார். செல்லக்கிளியைப் பார்த்தார். படிகளைத் திரும்பிப் பார்த்தார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் மாதம் நீலவேணியில் சாய்தளமும், மேல்தளத்தில் நாற்காலிக்கு இடமும் வந்தன. செல்லக்கிளி சக்கரங்களைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு ஏறினாள். தூக்க வந்த இரண்டு பேரும் வழிவிட்டு நின்று சிரித்தார்கள். பீர்க்கண்ணு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தவசிமுத்துவுக்கு மட்டும் ஒரு கவலை பாக்கியிருந்தது.

“நம்ம படகு போயிடுச்சே மேடம். இனிமே கப்பல்களை எப்படிச் சோதிக்கிறது?”

“டிக்கெட் எடுத்துத்தான் சார்” என்றார் உபகாரமேரி. “வாங்க, வரிசை நீண்டுக்கிட்டே போகுது.”