கட்டியங்காரன் வாயில் கொழுக்கட்டை

ஒரு சித்திரை மாதத்து விடியற்காலை. நாற்பத்தொரு பட்டங்களைத் தொண்டையில் வைத்துக்கொண்டு வெண்பாறை நாட்டு அரண்மனைக்குள் நுழைந்தான் கட்டியங்காரன் சேந்தன். பட்டங்கள் அவனுடையவை அல்ல, அரசன் உத்தமவழுதியுடையவை. தொண்டை மட்டும்தான் சேந்தனுடையது.

கேளுங்கள். அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரசன் எதைச் செய்தாலும் கட்டியங்காரன் அதை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாதது நடக்காதது.

ஒருமுறை சேந்தனுக்குச் சளி பிடித்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. அரசன் மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவியதும் அமைச்சர் விழுப்பரையர் வந்து, "மகாராஜா இன்னும் சாப்பிடவில்லை" என்றார் பணிவோடு. வேறொரு தொண்டையைத் தேடிப் பிடித்து வந்தார்கள். அரசன் பெருமூச்சு விட்டு, முதல் கவளத்திலிருந்து மறுபடியும் சாப்பிட்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்டுக்கு அந்தச் சித்திரைக் காலையில் ஒற்றன் ஒருவன் கெட்ட செய்தி கொண்டு வந்தான். பக்கத்து நாட்டு அரசன் தன்னைத் தானே அறிந்துவிட்டானாம்.

"எப்போது?" என்றான் உத்தமவழுதி.

"போன பௌர்ணமியன்று, மகாராஜா."

"எவ்வளவு படையோடு?"

"படை இல்லை. சும்மா உட்கார்ந்தே அறிந்துவிட்டான்."

உத்தமவழுதிக்கு அவமானமாகிவிட்டது. தானும் தன்னை அறியப்போவதாக அன்றே தெருத்தெருவாக அறிவிக்கச் சொன்னான். 'தன்னையறிந்த தனிப்பெருங்கோ' என்று நாற்பத்திரண்டாவது பட்டம் தயாரானது. சேந்தன் அதை மனப்பாடம் செய்தான். வெற்றி ஊர்வலத்துக்கு யானைக்குப் பட்டாடைகூடத் தைத்துவிட்டார்கள்.

மலையடிவாரத்தில் அமுதை என்றொரு தவப்பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். பேச்சில் சிக்கனம். அரசன் அவள் குகை வாசலில் பல்லக்கை இறக்கச் சொன்னான்.

"தாயே, என்னை நான் அறிய வேண்டும். அமாவாசைக்குள்."

"உட்கார் ராஜா. முதுகை நிமிர்த்து. கண்ணை மூடு. மூச்சு வருவதைப் பார், போவதைப் பார். எண்ணம் வந்தால் விரட்டாதே, அதன் பின்னாலும் ஓடாதே. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று பார்."

"அவ்வளவுதானா?"

"உட்கார்ந்துவிட்டு அதைக் கேள்."

அரசன் பாறைமேல் உட்கார்ந்தான். சேந்தன் நாற்பத்தொரு பட்டங்களையும் முழங்கிவிட்டு, "மகாராஜா அமர்கிறார், பராக்!" என்றான். மறுபடி நாற்பத்தொன்று. "மகாராஜா கண் மூடுகிறார், பராக்!" மறுபடி நாற்பத்தொன்று. "மகாராஜா மூச்சை உள்ளே இழுக்கிறார், பராக்!"

அடுத்த நாற்பத்தொன்று முடியும்வரை அரசன் மூச்சை வெளியே விட முடியாது. விட்டால் சட்டப்படி அது விட்டதாகாது. பதினைந்தாவது பட்டத்தில் அவன் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. இருபதாவதில் கண்கள் பிதுங்கின. அமுதை ஓடிவந்து அவன் முதுகில் ஓர் அறை விட்டதால் நாடு தன் அரசனை இழக்காமல் தப்பித்தது.

மறுநாள் இரண்டாம் முறை உட்கார்ந்தான். பட்டங்களும் வேண்டாம், மூச்சை அறிவிப்பதும் வேண்டாம் என்று அமுதை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ஆனால் தியானம் உள்ளே நடக்கும் செயல்" என்றார் விழுப்பரையர். "செயல் என்றால் அறிவித்தாக வேண்டும். சேந்தா, உள்ளே நடப்பதைச் சொல்."

சேந்தன் அரசன் முகத்தை இருபது வருடங்களாகப் பார்த்து வருகிறவன். எந்தப் புருவம் எதற்கு ஏறும் என்பது அவனுக்குத் தெரியும். வாயும் அவன் பேச்சைக் கேட்காது.

"மகாராஜா வறுத்த விரால் மீனை நினைக்கிறார், பராக்!"

பல்லக்குத் தூக்கிகள் வானத்தைப் பார்த்தார்கள்.

"பக்கத்து நாட்டு அரசர் படித்துறையில் வழுக்கி விழுவதை நினைக்கிறார், பராக்!"

யாரோ இருமினார்கள்.

"இந்த விழுப்பரையர் எப்போதுதான் காசிக்குப் போய்த் தொலைவாரோ என்று நினைக்கிறார், பராக்!"

அரசன் துள்ளி எழுந்தான். மூன்றும் உண்மை என்பதால் கோபம் மூன்று மடங்காக வந்தது. "அடேய் சேந்தா! நாளை நான் உட்காரும்போது உன் குரல் என் காதில் விழுந்தால் உன் நாக்கை அறுத்துவிடுவேன்!"

"நாளை அவன் வாய் மூடியிருந்தால் சட்டப்படி தலையே போகும்" என்றார் விழுப்பரையர். அவருக்கும் மனம் புண்பட்டிருந்தது. "அரசர் முன்னிலையில் கட்டியங்காரன் வாய் திறந்தே இருக்க வேண்டும்."

சேந்தன் வீட்டுக்கு நடந்தான். "நங்கை கதவைத் திறக்கிறாள், பராக்!" என்றான் பழக்கதோஷத்தில்.

"தெரியுது, உள்ள வாங்க" என்றாள் அவன் மனைவி நங்கை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாக்கா தலையான்னு கேட்டா என்னத்தச் சொல்றது? பேசாம இருக்க முடியாதா உங்களால?"

"மூடினாலும் தானா திறந்துக்குது."

நங்கை கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்தாள். "திறந்தே இருக்கட்டும். சட்டம் வாயைத் திறக்கச் சொல்லுது. காலியா வச்சிருக்கச் சொல்லலியே" என்று சொல்லி அரிசிமாவுப் பானையை இறக்கினாள்.

மூன்றாம் நாள் காலை, சின்னத் தேங்காய் அளவுக் கொழுக்கட்டை ஒன்றை வாயில் பொருத்திக்கொண்டு சேந்தன் பாறையடியில் நின்றான். ஆவி பறந்துகொண்டிருந்தது. உள்ளே பூரணமும் வைத்திருந்தாள் நங்கை. விழுப்பரையர் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "திறந்துதான் இருக்கிறது" என்றார் மனமில்லாமல்.

அரசன் கண்ணை மூடினான். காற்று வீசி அடங்கியது. ஒரு பல்லி ஓடியது. வெயில் ஏறியது.

திடீரென்று அரசன் கண்ணைத் திறக்காமலே கத்தினான். "கேட்கிறது! 'மகாராஜாவைப் போல அசையாமல் உட்கார்ந்தவர் உலகில் உண்டோ, பராக்!' என்று அலறுகிறான்! அறுங்கள் அவன் நாக்கை!"

காவலர்கள் சேந்தனின் தோளைப் பிடித்தார்கள். கத்தி உறையிலிருந்து வந்தது. தான் கத்தவில்லை என்று சொல்ல நினைத்தான், முடியவில்லை. இத்தனை வருடமும் பிறருக்காகத் திறந்த வாய், தனக்காக ஒரு சொல் வேண்டியபோது மாவால் அடைபட்டிருந்தது.

"ராஜா, கத்தியது யார் என்று கண்ணைத் திறந்து பார்" என்றாள் அமுதை.

அரசன் பார்த்தான். இறங்கி வந்தான். கொழுக்கட்டையை விரலால் தட்டினான். கெட்டியாக இருந்தது. விழுப்பரையரைப் பார்த்தான். "நானில்லை" என்றார் அவர். பல்லக்குத் தூக்கிகளும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள்.

"இப்போதும் கேட்கிறதா?" என்றாள் அமுதை.

"கேட்கிறது. 'மகாராஜா கொழுக்கட்டையைத் தட்டுகிறார், பராக்' என்கிறது."

"யார் குரலில்?"

அரசன் காதைச் சாய்த்தான். "என் குரலில்" என்றான்.

"அந்தக் குரலை இப்போது கேட்டுக்கொண்டிருப்பது யார்?"

அரசன் கத்தியை உறையில் போடச் சைகை காட்டிவிட்டு, பாறைமேல் ஏறி மறுபடியும் உட்கார்ந்தான். அதன் பிறகு அவனுக்குள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. சேந்தனுக்கும் தெரியவில்லை. அந்த முகத்தில் படிக்க எதுவும் இல்லாமல் போனது அதுதான் முதல் முறை.

பொழுது சாயும்போது அரசன் எழுந்தான்.

விழுப்பரையர் முன்னால் வந்தார். "அறிவிக்காததால் மகாராஜா இன்னும் தியானமே செய்யவில்லை. சேந்தன் வாயைக் காலி செய்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டம் தயார். யானையும் தயார்."

எல்லாரும் அரசனைப் பார்த்தார்கள். தூரத்தில் பட்டாடை உடுத்திய யானை வெட்கமில்லாமல் கரும்பு தின்றுகொண்டிருந்தது.

"செய்யவில்லை என்றே இருக்கட்டும்" என்றான் உத்தமவழுதி. "சேந்தா, அதை எடு."

சேந்தன் இரண்டு கையாலும் கொழுக்கட்டையைப் பிடுங்கி எடுத்தான். "தாடை வலிக்கிறது" என்றான் மெல்ல.

அரசன் திடுக்கிட்டுத் திரும்பினான். அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. "யார் பேசியது?"

"நான்தான், மகாராஜா" என்றான் சேந்தன். அவனுக்கே அது புதிதாக இருந்தது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: தன் பெருமையை முழங்கும் குரலையே தான் என்று நம்புகிறவன் ஒருநாளும் தன்னை அறிய மாட்டான்.

அடுத்த ஆண்டு ஆடி மாதம் பதினெட்டாம் நாள் உத்தமவழுதி ஆற்றில் இறங்கி முங்கிக் குளித்தான். சேந்தன் கரையில் உட்கார்ந்து கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தான், எதுவும் சொல்லவில்லை. வெண்பாறை நாட்டுச் சட்டப்படி அரசன் இன்னும் குளிக்கவில்லை.