சுடாத கை

சாமி கொடுத்த வரத்தை நோய் என்று சொன்னால் ஊர் அடிக்க வரும். நோயை வரம் என்று சொன்னாலோ மாலை போடும். இந்தப் புதிர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு மனிதனின் கையைப் பற்றியது. முழுதும் கேட்காமல் விடை சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நிறைய.

ஓடைக்கரைப்பட்டியில் மாரியம்மன் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுப்பார்கள். உள்ளங்கையில் வேப்பிலையை அடுக்கி, அதன்மேல் நெருப்பு எரியும் மண்சட்டியை ஏந்தி ஊரைச் சுற்றி வருவது வழக்கம். போன வருடம் சடையாண்டி என்ற கொத்தனாருக்குப் பாதி வழியிலேயே இலை நழுவி விழுந்துவிட்டது. அவன் நிற்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. கோயிலில் இறக்கியபோது உள்ளங்கைத் தோல் சட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கருகிய சதையின் நாற்றம் எல்லார் மூக்கிலும் ஏறியது. அவனோ சிரித்துக்கொண்டு நின்றான்.

பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி வெயிலுமுத்து அவன் காலிலேயே விழுந்தார். அந்த வேகத்தில் சடையாண்டி, உயிருள்ளவரை ஊர்வலத்தின் முதல் சட்டியை இலையில்லாமல் எடுப்பதாக அம்மன் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டான்.

அதன்பிறகு அவன் எது செய்தாலும் அருள்தான். பீடி எரிந்து விரலைச் சுட்டாலும் அவனுக்குத் தெரியாது. காலில் ஏறிய கருவேல முள்ளோடு பொழுதுக்கும் சாரத்தில் நின்று வேலை பார்ப்பான். செருப்பு கழன்று விழுந்ததைப் பின்னால் வருகிறவர்தான் சொல்லவேண்டும். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவன் மனைவி காமுத்தாய் மட்டும் அவன் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முன்னங்கையில் வெளிறிய படை ஒன்று பரவிக்கொண்டே வந்தது. சுண்டுவிரல் மடங்கி, நிமிர மறுத்தது.

வீடுவீடாக வரும் செவிலியர் ரெஜினாவிடம் அவள் இதைச் சொன்னாள். ரெஜினா சடையாண்டியைக் கண்ணை மூடச் சொல்லி, அந்தப் படையைப் பஞ்சால் தொட்டார்.

"எங்க தொடுறேன், சொல்லுங்கண்ணே."

"நீங்க இன்னும் தொடவே இல்லையே நர்சம்மா."

ரெஜினா ஒளிக்காமல் சொன்னார். "இது தொழுநோய் மாதிரி இருக்கு. பெரியாஸ்பத்திரியில பாத்து உறுதி பண்ணணும். பயப்படாதீங்க, மாத்திரை சாப்பிட்டா குணமாயிரும். ஆனா போன உணர்ச்சி திரும்ப வரும்னு சொல்ல முடியாது. வலி தெரியாத கையில புண்ணு மேல புண்ணு வந்தா வெரலே போயிரும். இந்தக் கையால இனி நெருப்பைத் தொடாதீங்கண்ணே."

"வெளிய தெரிஞ்சா இந்த ஊர்ல எவன் எங்களுக்குத் தண்ணி குடுப்பான்? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க," என்றான் சடையாண்டி.

ரெஜினா சத்தியம் செய்தார். ஆனால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சட்டியை விடுவதாகவும் இல்லை. "இது ஆத்தா எறங்குன கையி," என்று ஒரே பிடியாக நின்றான்.

பொங்கல் நெருங்கியது. ஊரில் உண்மையைச் சொல்லித் தடுக்கும்படி காமுத்தாய் ரெஜினாவிடம் அழுதாள். "அது அவரு சொல்ல வேண்டியது, அக்கா. நான் வாயைத் தொறந்தா, நாளைக்கு ஒருத்தரும் எங்கிட்ட உடம்பைக் காட்ட மாட்டாங்க," என்று ரெஜினா மறுத்துவிட்டார். காமுத்தாய் பூசாரியிடம் ஓடினாள். நோயின் பேரைக் கேட்டதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார். "அந்தப் பேரைக் கோயிலுக்குள்ள சொல்லாத தாயி. நான் பாத்துக்கிறேன்," என்றார்.

திருவிழாவன்று, சட்டி எடுக்கும் நேரத்தில் பூசாரி சாமியாடினார். "இந்த வருசம் இலை வச்சுத்தாண்டா எடுக்கணும்!" அவர்மேல் எந்தச் சாமியும் இறங்கவில்லை, அது அவருக்கே தெரியும். சடையாண்டி கையில் வைத்த இலையை உதறினான். "நான் ஆத்தாளுக்குக் குடுத்த வாக்கு, பூசாரி. நடுவுல நீ யாரு?" என்று வெறுங்கையை நீட்டினான்.

அந்தக் கைக்குச் சட்டி வருமுன் காமுத்தாய் பாய்ந்து அதைத் தன் வெறுங்கையில் வாங்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு எல்லாம் சுட்டது. எரியுதே, எரியுதே என்று தெருவெல்லாம் கதறினாள். வேண்டுதலைக் கெடுத்தவள் என்று ஊர் ஏசியது. சடையாண்டி கூடவே ஓடினான்.

"கீழ போட்ரு புள்ள!"

"போட மாட்டேன். போட்டா நீங்க எடுப்பீங்க."

கோயிலில் அவள் சட்டியை இறக்கியபோது, போன வருடத்து நாற்றம் அப்படியே எழுந்தது. சடையாண்டி அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். தன் கையில் வந்த அதே புண். "இம்புட்டு வலிக்குமா புள்ள?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கி அழுதான். மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவள் கைக்கு மருந்து போடப் போனதாக ஊர் நினைத்துக்கொண்டது.

உண்மை தெரிந்தும் வாயைத் திறக்காத ரெஜினா, அம்மன் பேரில் பொய் சொன்ன பூசாரி, கையைச் சுட்டுக்கொண்ட காமுத்தாய். மூவரும் நினைத்தது அவன் கையைக் காப்பாற்றத்தான். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: காமுத்தாய் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் நான் ரெஜினா என்பேன். அன்று அவர் அந்தப் பேரை ஊருக்குச் சொல்லியிருந்தால், சடையாண்டி முதல் மாத்திரையை விழுங்குமுன் ஊரைவிட்டே ஓடியிருப்பான். மனைவியின் கை அவன் கண்ணைத் திறந்தது; ரெஜினா காத்த வாக்கினால்தான் அவனுக்குப் போக ஒரு வாசலும், திரும்ப ஒரு வீடும் இருந்தன. பூசாரி செய்தது தவறு. இலை வை என்று சொன்னாரே தவிர, சுடாத கை வரமல்ல என்று அவர் சொல்லவில்லை. ஊர் இப்போது அடுத்த கையைத் தேடிக்கொண்டிருக்கிறது. கீழத்தெருவில் ஒரு பெண், கொதிக்கிற குழம்புச் சட்டியைத் துணியில்லாமல் இறக்குகிறாளாம். அவள் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள்.