பூனைக்கொட்டாவி ஊரின் மூன்று குவியல்கள்

நரிக்கும் கோழிக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இருந்த காலம் அது. அப்போது கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் இருந்தது. ஊரின் பெயர் பூனைக்கொட்டாவி.

சிரிக்காதீர்கள். சிரித்தால் அந்த ஊர்க்காரர்கள் பெயர் வந்த கதையைச் சொல்ல உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

கதை ஒன்றாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்று இருந்தன. வேட்டைக்கு வந்த ராஜாவின் பூனை இங்கே கொட்டாவி விட்டது என்றது வடக்குத்தெரு. தவம் செய்த முனிவரின் பூனை என்றது தெற்குத்தெரு. மிளகு வியாபாரியின் பூனை என்றது கிழக்குத்தெரு.

கரிசலில் மருந்துக்குக்கூடக் கல் கிடைக்காது. ஆனால் பிள்ளை பிறந்தாலும் சரி, கல்யாணம் நடந்தாலும் சரி, தூரத்து மலையிலிருந்து வண்டி கட்டிக் கல் கொண்டுவந்து தன் தெருக் குவியலில் போடுவது அந்த ஊர் வழக்கம். எந்தக் குவியல் உயரமோ அந்தக் கதைதான் உண்மை. குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்தால்கூடத் தெருவே தோற்ற மாதிரி.

அந்த ஊர் ஏரியின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் ஒச்சாயியின் வேலை. கதை எதுவானால் என்ன, தண்ணீர் ஒழுங்காகப் பாய்ந்தால் போதும் என்று இருந்தவள்.

ஒரு ஐப்பசியில் விடாத மழை. காலையில் ஒச்சாயி போய்ப் பார்த்தால், மடைக்குப் பக்கத்தில் கரை அரித்து, ஆள் படுக்கும் அளவுக்குப் பள்ளம். ஏரி தளும்பி நிற்கிறது. கரைக்குக் கீழே ஊர் மொத்தத்தின் நெல்லும் பால் பிடித்து நிற்கிறது. அவள் கொட்டிய மண்ணெல்லாம் கூழாகக் கரைந்து ஓடியது. கல் வேண்டும். உடனே வேண்டும்.

வடக்குத்தெருவுக்கு ஓடினாள். "சடையப்ப மாமா, கரை உடையப்போகுது, கல்லு குடுங்க!"

"தாராளமா எடு தாயி," என்றார் சடையப்பன். "தெற்குத்தெருவுல நிறையக் கெடக்கு."

தெற்குத்தெருவுக்கு ஓடினாள். "நாங்க எடுத்தா வடக்கத்தியான் உயர்ந்துருவானே!" என்றான் மூக்காண்டி. "மொதல்ல அவனை எடுக்கச் சொல்லு மதினி."

கிழக்குத்தெருவுக்கு ஓடினாள். அங்கே பொன்னுருவி அவளை உட்காரவைத்து, "வியாபாரி பூனை எப்படிக் கொட்டாவி விட்டுச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

"அடி பாவிகளா! நெல்லு போனா அந்தக் கல்லையா வடிச்சுத் தின்பீங்க?"

"கோவிக்காதடி. கதையக் கேட்டுட்டுப் போ."

ஒச்சாயிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்துக்கொண்டாள். வலித்ததுதான் மிச்சம்.

நேரே தன் வீட்டுக்குப் போனாள். அவளிடம் இருந்த கல்லே அம்மியும் குழவியும்தான். குழவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று தெரு வழியாகவும் கத்திக்கொண்டே நடந்தாள்.

"கேளுங்க! ராஜா பூனையும் இல்ல, முனிவர் பூனையும் இல்ல, வியாபாரி பூனையும் இல்ல! ஏரி வெட்டுன எங்க பாட்டன் வளர்த்த பூனை! கொட்டாவி விட்டது மடைக்குப் பக்கத்துல, இப்போ பள்ளம் விழுந்த எடத்துல! அங்க என் கல்லைப் போடப்போறேன். உங்க கல்லு உங்க தெருவுலயே பத்திரமா இருக்கட்டும். நாளைக்கு வெளியூரான் எவன் வந்து பார்த்தாலும், பூனை கொட்டாவி விட்ட எடத்துல ஒச்சாயி கல்லு மட்டும்தான் இருக்கும்!"

நாலாவது கதையா! ஊரே கொதித்துக் கரைக்கு வந்தது. எல்லார் கண் முன்னாலும் ஒச்சாயி குழவியைப் பள்ளத்தில் போட்டாள்.

"ஒரு குழவிய வச்சுக்கிட்டு இந்தப் பேச்சா?" என்று சீறினார் சடையப்பன். "இந்த எடத்துலதான்னா, அது ராஜா பூனைதான். கொண்டாங்கடா கல்லை!"

வடக்குத்தெரு வண்டி பூட்டியது. அதைப் பார்த்துத் தெற்குத்தெரு கூடை தூக்கியது. அதைப் பார்த்துக் கிழக்குத்தெரு, பொன்னுருவி முன்னால் ஓட, தலைச்சுமையாகவே கொண்டுவந்தது. ஒருவர் கல்மேல் ஒருவர் கல். பள்ளம் நிரம்பியது. கரை நின்றது. நெல் பிழைத்தது.

ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. மேலே கிடப்பது எந்தத் தெருக் கல் என்று அங்கேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. கடைசியில் மூக்காண்டி திரும்பி, "மதினி, நீ சொன்ன கதை நெசமா?" என்றான்.

இடுப்பு வரை சேற்றோடு நின்ற ஒச்சாயி சொன்னாள்: "பூனை கொட்டாவி விட்டுச்சோ தும்முச்சோ, எவ கண்டா? போயி வயல்ல நிக்கிற தண்ணிய வடிங்கப்பா!"

ஊரின் பெயர் எப்படி வந்தது என்று சண்டை போடுவதைவிட, அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள ஊர் மிஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொள்வதே அறிவு.