முதலை வாயில் முத்து

அந்தக் காலத்தில் முதலைக்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் பழக்கமே கிடையாது. விலங்குகளும் மனிதர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எல்லோரும் ஓயாமல் பேசினார்கள். பேசாத ஒரே பிறவி முதலைதான். காலையில் கரையேறும், வாயை இறுக மூடிக்கொண்டு வெயில் காயும். யாராவது நலம் விசாரித்தால்கூட, கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதோடு சரி.

அந்த ஆறு மலையில் பிறந்து, முத்துக்குளிக்கிற கடற்கரையில் போய்ச் சேர்ந்தது. கடற்கரைக்காரர்களுக்கு முத்து ஒன்றும் அதிசயமில்லை. சிப்பியைத் திறந்தால் இருக்கும், இல்லாமலும் போகும். மூக்காண்டி என்ற வியாபாரி அவர்களிடம் முத்து வாங்கி, ஆற்றங்கரையோரமாகவே நடந்துபோய் மலையடிவாரத்து ஊர்களில் விற்பான்.

முதல்முறை போனபோது ஒரு வீட்டில் பெண்கள் ஆசையாக முத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். "இது எதுல விளையுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சிப்பிக்குள்ள."

"சிப்பின்னா?"

"நத்தை மாதிரி ஒண்ணு, தாயி."

அவள் முத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். மூக்காண்டிக்குச் சுருக்கென்று இருந்தது. அடுத்த ஊரில் அதே கேள்வியை ஒரு கிழவர் கேட்க, "யானைத் தந்தத்துல" என்று வாயில் வந்ததைச் சொன்னான். அவ்வளவுதான். உட்கார மணை வந்தது, குடிக்க மோர் வந்தது, தெருவே கூடிவிட்டது.

அதற்குப் பிறகு அவன் சிப்பியின் பெயரை எடுக்கவேயில்லை. ஒரு முத்து காட்டுப்பன்றியின் கொம்புப் பல்லில் விளைந்தது, ஒன்று கொக்கின் கழுத்தில், ஒன்று நாகத்தின் தலையில். ஆனால் கோழிக்குள் முத்து இருக்கிறது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. கோழி எல்லார் வீட்டிலும் இருந்தது. புளுகுவதற்கும் ஒரு புத்தி வேண்டுமே.

இதில் அடி வாங்கியது காட்டில் இருந்தவர்கள்தான். ஒருநாள் காது கிழிந்த காட்டுப்பன்றி ஒன்று தண்ணீர் குடிக்க வந்து, முதலையிடம் அழாத குறையாகச் சொன்னது.

"ஊர்க்காரனுவ எங்க அண்ணனைக் கொன்னு கொம்பை உடைச்சுப் பாத்திருக்கானுவ. ஒண்ணும் இல்ல. 'இது இளம் பன்னி, கிழட்டுப் பன்னியிலதான் இருக்கும்'னு அடுத்ததைத் தேடிப் போயிட்டானுவ."

முதலை அபூர்வமாக வாய் திறந்தது. "இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாமலா இருப்போம்? 'ஒளிச்சு வச்சிருக்கவன் அப்படித்தான் சொல்லுவான்'னு சொல்லுதான். நீ கொடுத்து வச்சவ. உன்கிட்ட எவன் வருவான்?"

முதலைக்கும் அது சரியென்றே பட்டது. அது தன் முட்டைகளைக் கரைமேட்டு மணலில் புதைத்து வைத்துக் காவல் இருந்த நேரம். ஊர்க்கதையில் மனம் போகவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் மணலுக்கு அடியிலிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. முட்டைக்குள்ளிருந்தே பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிட்டன. முதலை ஆசை ஆசையாக மணலைத் தோண்டியது. சில பிள்ளைகள் தாமாகவே ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. வர முடியாதவற்றை முட்டையோடு வாயில் எடுத்து, பல் படாமல் உருட்டி, நாக்கால் அழுத்தி, ஓடு விரிசல் விடுமட்டும் பொறுமையாக வைத்திருந்தது.

எதிர்க்கரையில் முகம் கழுவ உட்கார்ந்த மூக்காண்டி இதைத்தான் பார்த்தான். முதலையின் பற்களுக்கு நடுவே, வெள்ளையாக, உருண்டையாக, இளவெயில் பட்டு மின்னுகிற ஒன்று!

கடற்கரைக்காரன் அவன், முதலை முட்டையைக் கண்டதில்லை. இத்தனை நாள் தான் சொன்னதெல்லாம் பொய்யென்று அவனுக்கு மட்டும் தெரியும். இப்போது அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. 'அப்படியானால் யானையிலும் நிஜமாகவே இருக்குமோ? நான் தெரியாமலேதான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ?' முகத்தைக்கூடத் துடைக்காமல் பக்கத்து ஊருக்கு ஓடினான்.

அந்த ஊருக்குத் தலைவர் வெயிலுகந்தான். அவர் மகள் இசக்கிக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் காட்டுப்பன்றி முத்துப் போட்டுக்கொண்டு வந்து மினுக்கிவிட்டுப் போனதிலிருந்து தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மூக்காண்டி வந்து நின்றான்.

"ஐயா... முதலை... வாயில... முத்து. வாத்து முட்டைத் தண்டிக்கு. நான்... என் கண்ணால பாத்தேன்யா."

"நிஜமாத்தானா வே?"

மூக்காண்டி வேகவேகமாகத் தலையாட்டினான். இசக்கி அவனை உற்றுப் பார்த்தாள். எதையும் குடைந்து குடைந்து கேட்கிற பெண் அவள். "யப்பா, போன தடவை வந்தப்ப யானை முத்துக் கதையை இவரு தண்ணி மாதிரிச் சொன்னாரு. இப்பத்தான் திக்குதாரு. எதையோ பாத்திருக்காரு. ஆனா முதலை எதுக்கு முத்தை வாயில வச்சிருக்கணும்? எப்படித் திங்கும்? நானும் வாரேன், பாக்கணும்."

"கல்யாணப் பொண்ணுக்கு அங்க என்ன சோலி?"

"எனக்குப் போடுத முத்துதானே? எங்க இருக்குன்னு நான் பாக்கக் கூடாதா?"

வழக்கு என்று வந்தால் 'தீர விசாரிப்பதே மெய்' என்று ஊருக்கே சொல்கிறவர் வெயிலுகந்தான். அன்று அவர் எதையும் விசாரிக்கவில்லை. ஈட்டிக்காரர்களைத் திரட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். இசக்கி பின்னாலேயே போனாள்.

வெயில் ஏறியிருந்தது. முதலை பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் அள்ளிப்போய்த் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தது. கடைசியாக மிஞ்சிய பிள்ளைகளை வாயில் ஏந்திக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கியபோது, ஆற்றுக்கும் அதற்கும் நடுவில் ஈட்டிகள் வரிசையாக நின்றன.

"முத்தைக் கொடுத்திரு. உசிரோட விட்டிருதோம்" என்றார் வெயிலுகந்தான்.

முதலை பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? பேச வாயைத் திறந்தால் பிள்ளைகள் சுடுமணலில் விழும். சுற்றிலும் மனிதக் கால்கள், மேலே வட்டமிடுகிற பருந்து. கடித்துக் குதறிவிட்டுப் போகலாமென்றால், கடிக்கிற பல்லுக்கு அடியில்தான் பிள்ளைகள் இருந்தன. அத்தனை பலமும் இருந்து, அது ஒன்றும் செய்ய முடியாமல் நின்றது.

"பாத்தீங்களாய்யா? வாயே திறக்க மாட்டேங்குது. உள்ள இருக்கு!" என்றான் மூக்காண்டி.

ஈட்டிகள் உயர்ந்தன. இசக்கி மட்டும் முதலையின் தொண்டையைப் பார்த்தாள். அங்கே தோல் சின்னச் சின்னதாகத் துடித்தது. முத்து துடிக்குமா? காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளேயிருந்து மெல்லிய கூப்பாடு வந்தது.

"யப்பா, ஈட்டியை இறக்கு! உள்ளே ஏதோ உசிரு கிடக்கு." அப்பா இறக்கவில்லை. அவள் போய் ஈட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். "யக்கா, வாயைத் திற. எது கீழ விழுந்தாலும் நான் எடுத்துத் தாரேன். சத்தியம்."

மனிதர் சத்தியத்தை நம்பிப் பிழைத்த விலங்கு அந்தக் காட்டில் எதுவும் இல்லை. முதலைக்கு அது தெரியும். வேறு வழி இல்லை என்பதும் தெரியும். அது தலையைத் தரையோடு தாழ்த்தி, வாயை மெல்லத் திறந்தது. தாடை இனி விரியாது என்கிற அளவுக்குத் திறந்தது.

பல் வரிசைக்கு நடுவிலிருந்து விரல் நீளக் குட்டிகள் எட்டிப் பார்த்தன. ஒன்று வழுக்கி மணலில் விழுந்தது. பருந்து இறங்கும் முன் இசக்கி அதை எடுத்துவிட்டாள். அம்மாவின் நாக்கில் அதைத் திரும்ப வைக்கும்போது அவள் கை முழங்கைவரை முதலையின் வாய்க்குள் இருந்தது. முதலை அசையவில்லை. அவளும் கையை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. குனிந்து உள்ளே நன்றாகப் பார்த்தாள்.

"நாக்கு இருக்கு, பல்லு இருக்கு, பிள்ளைங்க இருக்கு. முத்து இல்ல. நீரு பாத்தது இதுக வந்த முட்டை வே, மூக்காண்டி!"

யாரோ ஒருவன் சிரித்தான். வெயிலுகந்தான் தலையைக் குனிந்துகொண்டு ஈட்டியை இறக்கினார். ஈட்டிக்காரர்கள் விலகி வழி விட்டார்கள். முதலை திறந்த வாயோடே அவர்களைக் கடந்துபோய், பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டது. எல்லாம் நீந்திப் போன பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள் மூக்காண்டி. இந்த ஒரு முத்து பொய்யானால் யானை முத்தும் பன்றி முத்தும் என்ன ஆவது? தொண்டையைக் கனைத்துக்கொண்டான். இப்போது அவனுக்குத் திக்கவே இல்லை.

"ஐயா, இது பெட்டை முதலை. முத்து இருக்கது கடுவன் முதலையிலல்லா?"

குனிந்திருந்த வெயிலுகந்தானின் தலை நிமிர்ந்தது. ஈட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கிக்கு அழுகையே வந்துவிட்டது.

தண்ணீரில் நின்ற முதலை எல்லாவற்றையும் கேட்டது. "தங்கச்சி, நீ அழாதே" என்றது. "இல்லைன்னு வாயால சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல. பன்னி சொன்னதை இப்பத்தான் நம்புறேன். இனி ஆணோ பெண்ணோ, எங்க ஆளுங்க கரையில கிடந்தா வாயைத் திறந்தே கிடப்போம். சந்தேகம் இருக்கவன் பக்கத்துல வந்து, உன்னைப் போல குனிஞ்சு பாத்துட்டுப் போகட்டும்."

இசக்கி கல்யாணத்துக்கு முத்துப் போடாமலே போனாள். புகுந்த வீட்டில் யார் முதலை முத்தைப் பற்றிப் பேசினாலும், "நான் கையை விட்டே பாத்திருக்கேன், இல்ல" என்பாள். "நீ பாத்தது பெட்டையத்தானே?" என்பார்கள்.

அன்று முதல்தான் முதலைகள் கரையில் வாயைப் பிளந்துகொண்டு, ஒன்றுமில்லை, வந்து பாருங்கள் என்று கிடக்கின்றன. மனிதர்களோ எட்ட நின்று பார்த்துவிட்டு, "கிட்டப் போன ஒருத்தனும் திரும்பலை, உள்ளே என்னமோ இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.