மூன்றாம் நம்பர் பூட்டு

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் கூடம் ஒன்றின் மாடியில் கஜபதி மாஸ்டர் கூண்டுச் சண்டை பழக்கினார். குத்து, உதை, மல்லுப்பிடி, கை காலையோ கழுத்தையோ மடக்கி இறுக்கும் பூட்டு எல்லாம் கலந்த சண்டை. ஏறுவதற்கு இருபத்திரண்டு படிகள். அடிபட்டவர்களுக்குக் கீழேயிருந்து ஐஸ் வரும்.

அங்கே சுவரில் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. பூட்டில் மாட்டி, தாங்க முடியாமல் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டவர், எழுந்ததும் "எப்படிப் பண்ணினே?" என்று கேட்க வேண்டும். தட்ட வைத்தவர் காட்ட வேண்டும். காட்டி முடித்த பிறகுதான் இருவரும் தண்ணீர் குடிக்கலாம்.

பிலோமினா அங்கே பன்னிரண்டு வருடமாகப் பழகினாள். முப்பத்து நான்கு வயது. பகலில் ஆட்டோ ஓட்டுவாள். பதினோரு சண்டைகளில் ஆறு ஜெயித்திருந்தாள். கடைசி இரண்டும் தோல்வி. மூன்றாவதும் தோற்றால் இனி அவளைக் கூப்பிட மாட்டோம் என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்த மூன்றாவது சண்டைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. எதிராளி அம்பத்தூர்ப் பயிற்சிக் கூடத்தைச் சேர்ந்த மிருதுளா. பத்தொன்பது வயது. எட்டு வயதிலிருந்து பழகுகிறவள்.

அன்று எல்லோரும் போன பிறகு பிலோமினா மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாஸ்டர், இந்தக் காலத்துப் புள்ளைங்களை நான் எப்படி ஜெயிக்கிறது?"

மாஸ்டர் தரையில் விரித்த மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க காலத்து ஆளுங்களுக்கு ஆளுக்கு ஒரு வித்தைதான் தெரியும்," என்றார். "குஸ்திக்காரன் குஸ்தி போடுவான். பாக்சிங்காரன் குத்துவான். கராத்தேக்காரன் வந்து குனிஞ்சு வணக்கம் வைப்பான், அவன் நிமிர்றதுக்குள்ள நாங்க தூக்கிடுவோம்."

பிலோமினா சிரித்தாள்.

"சிரிக்காத. சண்டை கல்யாண மண்டபத்துல நடக்கும். மேடையில வாடகை மெத்தை. பின்னால 'நல்வரவு'ன்னு போர்டு. யாரு கெட்டிக்காரன்னு பாக்க ஜனங்க வரலை. எந்த வித்தை பெருசுன்னு பாக்க வந்தாங்க."

"அப்புறம் நாங்க வந்தோம்."

"நீங்க காலையில பாக்சிங், சாயந்திரம் குஸ்தி. டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்கா கத்துக்கிட்டீங்க. சண்டையில ஒரு அடுக்கைக் கழட்டிட்டு இன்னொண்ணைத் திறக்க உங்களுக்கு ஒரு நொடி ஆகும்."

"மிருதுளாவுக்கு?"

"அவளுக்கு அடுக்கே இல்லை. எல்லாம் ஒரே சட்டியில வெந்தது."

பிலோமினா தலை குனிந்தாள். பிறகு கேட்டாள்.

"உங்க பூட்டை வச்சு ஜெயிக்க முடியுமா மாஸ்டர்?"

கஜபதி பூட்டு என்று ஒரு காலத்தில் அதற்குப் பெயர். எதிராளி பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொள்வான். மாஸ்டர் சட்டென்று குனிந்து, தன் இரண்டு கால்களுக்கு நடுவே தெரியும் அவன் காலைப் பிடித்து இழுப்பார். அவன் மல்லாந்து விழுவான். அந்த முழங்காலின் மேல் உட்கார்ந்து காலை நிமிர்த்துவார். ஏழு சண்டைகளில் ஏழு பேர் அதில் தட்டினார்கள். எட்டாவது சண்டையில் அது பலிக்கவில்லை.

மாஸ்டர் துணியைப் பிழிந்தார்.

"செவ்வாய்க்கிழமை காலையில அம்பத்தூர் போ. அங்க சின்னப் பசங்க வகுப்பை யாரு வேணாலும் பாக்கலாம். பாத்துட்டு வந்து சொல்லு."

செவ்வாய்க்கிழமை அவள் ஆட்டோவிலேயே போனாள். அம்பத்தூர் மாஸ்டர் அவளை யாரென்று தெரிந்தும் நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். மிருதுளா அங்கே இல்லை. பதினான்கு குழந்தைகள் இருந்தார்கள். எல்லோருக்கும் பத்து வயதுக்குள்தான்.

உடம்பைச் சூடு பண்ண ஓடினார்கள். கரணம் அடித்தார்கள். அம்பத்தூர் மாஸ்டர், "மூணாம் நம்பர்!" என்று குரல் கொடுத்தார். குழந்தைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்தார்கள். ஒரு குழந்தை பின்னாலிருந்து இடுப்பைக் கட்டியது. மற்றது குனிந்து, கால்களுக்கு நடுவே கையை விட்டு, இழுத்து, உட்கார்ந்தது. ஆளுக்குப் பத்துத் தடவை. இன்னும் பாடமே ஆரம்பிக்கவில்லை.

பிலோமினா டீயைக் கீழே வைத்தாள்.

தண்ணீர் குடிக்க வந்த ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்டாள்.

"பாப்பா, அந்த மூணாம் நம்பர் யாரு கண்டுபிடிச்சது?"

"கண்டுபிடிக்கிறதா?" அந்தப் பெண் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அது எப்பவும் இருக்குதேக்கா."

அன்று சாயந்திரம் பிலோமினா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

"மாஸ்டர், உங்க பூட்டை அங்க ஓடிட்டு வந்து சும்மா போடுறாங்க. பல் முளைக்காததுங்க எல்லாம் போடுது. உங்க பேரு ஒருத்தருக்கும் தெரியலை."

"எத்தனை பேரு?"

"பதினாலு."

"சரியாப் போடுறாங்களா?"

"போடுறாங்க. காலைப் பிடிக்கிற இடம் மட்டும் வேற."

மாஸ்டர் எழுந்து நின்றார்.

"எங்க பிடிக்கிறாங்க?"

"நீங்க ரெண்டு கையால கணுக்காலைப் பிடிப்பீங்க. அவங்க குதிகாலைக் கக்கத்துல சொருகிடுறாங்க. ரெண்டு கையும் சும்மா கிடக்கு."

"கக்கத்துலயா?"

மூலையில் கிடந்த பழைய மணல் மூட்டையை மாஸ்டர் இழுத்துப் போட்டார். அதன் முனையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு உட்கார்ந்து சாய்ந்தார். கழற்றினார். மறுபடி சாய்ந்தார். நான்கு தடவை செய்தார். அறுபத்தோரு வயது முகம் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டு வந்தது.

"எட்டாவது ஆள் என் கையைத்தான் பிரிச்சான்," என்றார். "இப்படின்னா பிரிக்கக் கையே இல்லையே. எனக்குத் தோணாமப் போச்சு பாரு."

"அவங்களுக்கு எப்படிப் போச்சு அது?"

"ஏழு பேரு தட்டினாங்க. ஏழு பேரும் கேட்டாங்க. காட்டினேன். ஆறாவது ஆளு அம்பத்தூர்ப் பக்கம்."

பிலோமினாவிடமும் தனக்கென்று ஒரு பூட்டு இருந்தது.

கூண்டு வலையில் முதுகைச் சாய்த்து, உள்ளே முட்டி வருகிறவளின் கழுத்தைக் கையால் வளைத்து, மணிக்கட்டை ஒரு விரற்கடை உள்ளே திருப்பி, ஒரு காலை வலையில் உதைத்து இறுக்குவது. கழுத்தை வளைப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு விரற்கடை அவளுடையது. வீடியோவில் பார்த்தாலும் தெரியாது. அது அவள் மார்புக்கும் எதிராளியின் தாடைக்கும் நடுவே நடக்கும். வீட்டில் அரிசி மூட்டையோடு மல்லுக்கட்டி அவளே கண்டது. நான்கு சண்டைகளை அதில்தான் ஜெயித்தாள்.

கூடத்தில் அதில் மாட்டித் தட்டியவர்கள் கேட்டிருக்கிறார்கள். "தெரியலப்பா, தானா விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். மாஸ்டர் அதைக் கேட்டிருக்கிறார். ஒன்றும் சொன்னதில்லை.

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில். ஐந்து நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு.

முதல் ரவுண்டில் மிருதுளா பின்னால் வந்து இடுப்பைக் கட்டினாள். பிலோமினா குனிந்து காலை இழுத்து, குதிகாலைக் கக்கத்தில் சொருகினாள். மிருதுளா விழுந்த வேகத்திலேயே உருண்டு, காலை உருவிக்கொண்டு, மேலே வந்து இரண்டு குத்து விட்டாள். அம்பத்தூரில் மூன்றாம் நம்பருக்கு, அதிலிருந்து தப்பும் நாலாம் நம்பர் பதிலாக இருந்தது. அந்த ரவுண்டு மிருதுளாவுக்குப் போனது. இரண்டாவது ரவுண்டும் போனது.

மூன்றாவதில் ஒரு நிமிடம் நாற்பது நொடி மீதி இருந்தபோது, தடுமாறுகிறவள் போலப் பிலோமினா பின்னால் போய் வலையில் சாய்ந்தாள். கூட்டத்தில் ஒருவன், "முடிஞ்சுது, ஆட்டோவை எடு!" என்று கத்தினான். மிருதுளா தலையைக் குனிந்து உள்ளே முட்டி வந்தாள். பிலோமினா கழுத்தை வளைத்தாள். மணிக்கட்டைத் திருப்பினாள். காலை வலையில் உதைத்தாள்.

மிருதுளா பிலோமினாவின் விலாவில் மூன்று தடவை தட்டினாள்.

உடை மாற்றும் அறையில் மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பிலோமினாவின் கையில் சுற்றியிருந்த டேப்பைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் மற்றக் கையில் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போனாள். கதவு தட்டப்பட்டது.

மிருதுளா கழுத்தில் ஐஸ் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுத கண்.

"பிலோக்கா, எப்படிப் பண்ணினீங்க?"

பிலோமினாவின் விரல் பாட்டில் மூடியிலேயே நின்றது.

"நான் தப்பா வரலைக்கா. தாடையை நெஞ்சோட ஒட்டித்தான் வச்சிருந்தேன். அப்படியும் மூச்சே நின்னுடுச்சு. எப்படின்னு தெரியணும்."

"உன்னை யாரு அனுப்பினது?"

"யாரும் அனுப்பலை. எங்க கூடத்துல தட்டினவங்க கேக்காமத் தண்ணி குடிக்கக் கூடாது."

கத்தரி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி வெட்டத் தொடங்கியது.

"தானா" என்பது வரைக்கும் பிலோமினாவின் வாய்க்கு வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"கொஞ்சம் வெளியே இரும்மா. கூப்பிடுறேன்."

மிருதுளா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"மாஸ்டர்."

"சொல்லு."

"எங்கிட்ட மிச்சம் இருக்கிறது அந்த ஒரு விரற்கடைதான்."

"தெரியும்."

"எங்க எடைப் பிரிவுல மொத்தமே ஒன்பது பொண்ணுங்க. ஆறு மாசத்துல மறுபடி இவ எதிர்லதான் நிக்கணும்."

"ஆமா."

"இன்னிக்குக் காட்டினா, இவ அதை அம்பத்தூருக்குக் கொண்டுபோவா. நான் கண்டதைவிட நல்லாப் போடுவா."

"போடுவா."

"அடுத்த தடவை என் பூட்டுல நானே தட்டுவேன் மாஸ்டர்."

மாஸ்டர் கடைசிச் சுற்றை வெட்டி, டேப்பை உருட்டி, ஸ்டூலுக்கு அடியில் வைத்தார். திறக்காத தண்ணீர் பாட்டிலை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"தட்டுவே," என்றார். "அப்போ 'எப்படிப் பண்ணினே?'ன்னு நீ அவளைக் கேக்கலாம்."