காளையின் சம்மதம்

கிரேக்க நாட்டுத் தீவொன்றில் மானஸ் என்று ஒரு கோயில் அடிமை இருந்தான். அப்பல்லோ சாமியின் கற்சிலைக்கு வர்ணம் பூசி முடித்தால் விடுதலை என்று பூசாரி திமோகிளஸ் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எட்டு மாதம் சாரத்தில் தொங்கி வேலையை முடித்துவிட்டு அவரிடம் போய்க் கேட்டான்.

"என் வாக்கு கிடக்கட்டும். சாமி தலையசைத்துச் சம்மதம் சொல்லட்டுமடா, அன்றைக்கே போ" என்றார் பூசாரி.

கல் எந்த ஊரில் தலையசைத்தது? மானஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் திருவிழா. பலிக்குக் காளை வந்தது. அதுவாகத் தலையாட்டிச் சம்மதிக்காமல் வெட்டக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். பூசாரி குடத்துத் தண்ணீரை அதன் தலையில் தெளித்தார். காளை சிலிர்த்துக்கொண்டு தலையை உதறியது.

"சம்மதித்துவிட்டது!" என்று கூவினார். கறிக்காகச் சட்டியோடு காத்திருந்த கூட்டம் ஆரவாரம் செய்தது.

மானஸ் குடத்தைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரைப் பூசாரியின் தலையில் கவிழ்த்தான். அவரும் தலையை உதறினார்.

"சம்மதித்துவிட்டார்!" என்று கூவினான் மானஸ். "சாமிக்காகப் பேசுவதும் நீங்கள், சாப்பிடுவதும் நீங்கள். தலையசைப்பதும் நீங்கள்தானே ஐயா?"

"தண்ணீர் கொட்டினால் எவன் தலைதான் ஆடாது? இதெல்லாம் ஒரு சம்மதமா?" என்று சீறினார் பூசாரி.

"இல்லையா? அப்படியானால் காளையை அவிழ்த்துவிடுங்கள்."

கூட்டத்திலிருந்து ஒரு மீன்காரி கத்தினாள்: "அவனை விட்டுத் தொலையுங்க பூசாரியாரே, அடுப்புல உலை கொதிக்குது!"

பூசாரி சட்டிகளைப் பார்த்தார். சட்டி பிடித்திருந்த கைகளையும் பார்த்தார். "இனி நீ அடிமையில்லை, போடா" என்று முனகினார்.

"சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா, சாமிக்கும் கேட்கட்டும்" என்றான் மானஸ்.

ஊர் முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்ன பிறகுதான் காளைக்குக் கத்தி எடுத்தார்கள்.